கரிசலுக்கு ஒரு முளை, செவலுக்கு ஒரு முளை

பந்தல் வேலையில் முதல் மரியாதை பந்தக்காலுக்கு. நல்ல நேரம் பார்த்து, ஈசானிய மூலையில் குழி தோண்டி, நவதானியமும் பாலும் விட்டு, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி நடுவார்கள். எல்லா வேலையும் முடிந்த பிறகு பந்தலைச் சுற்றி அடிக்கிற முளைக்கு அப்படி எதுவும் கிடையாது. வண்டியில் கடைசியாக ஏறுகிற சாக்கில் கிடந்து வரும். வளைந்தது எது, நேரானது எது என்று பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. கீற்றுக் காலத்தில் அது பொருத்தமாகத்தான் இருந்தது, ஏனென்றால் அந்தப் பந்தலைக் கால் தாங்கியது. சாமியானாவைத் தாங்குவது முளை. அந்த முளையை இன்றைக்கும் பந்தலின் நீள அகலத்தைப் பார்த்து எடுத்துப் போகிறோமே தவிர, அடிக்கப்போகிற மண்ணைப் பார்த்து எடுப்பதில்லை. இது தவறு என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது. மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டியிலிருந்து விருதுநகர் ரோட்டில் போனால் கரிசல். பேரையூர், சாப்டூர் பக்கம் மலையை நோக்கித் திரும்பினால் செவலும் சரளையும். தேவன்குறிச்சி மலையடியில் பாறை. நடுவில் கண்மாய் வண்டல், ஓடை மணல், ஊருக்குள் சிமென்ட் தெரு. ஒரே வாரத்தில் இத்தனை தரையிலும் பந்தல் போட வேண்டியிருக்கும். அத்தனைக்கும் கட்டடக் கம்பியை மூன்றடிக்கு வெட்டிய ஒரே முளையைத்தான் நம்பிப் போகிறோம்.

கீற்றுப் பந்தலில் சவுக்குக் கம்பையோ மூங்கிலையோ இரண்டடிக் குழியில் இறக்கி, கல் போட்டு, மண் தள்ளி மிதித்து இறுக்கிவிட்டால் கால் அசையாது. மேலே வேய்ந்த கீற்றுக்குக் கனம் உண்டு. இடுக்கு வழியாகக் காற்றும் சீறிப் போய்விடும். அந்தக் கனமும் இடுக்கும் சேர்ந்து பந்தலைத் தரையோடு அமுக்கி வைத்திருந்தன. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் கீற்றுக் கூரைப் பள்ளியில் 94 குழந்தைகள் கருகினார்கள். அதன் பிறகு கூட்டம் கூடும் இடத்தில் கீற்றைக் கண்டாலே பயம் வந்தது. வர வேண்டிய பயம்தான் அது. துணியும் தார்ப்பாயும் தகர ஷீட்டும் அந்த இடத்துக்கு வந்தன. தீயிலிருந்து தப்பியதில் சந்தேகமில்லை. ஆனால் மழை ஒழுகாத துணி, காற்றையும் விடாது. குழியில் ஊன்றாமல் தரையில் நிற்கிற பைப் கால்மேல் அதை விரித்தால் நடுவயலில் ஒரு கப்பல் பாயை விரித்த மாதிரிதான். காலை எடுத்துவிட்டு அந்த வேலையை முளையின் தலையில் கட்டிய நாம், முளையை மட்டும் பழைய அலட்சியத்தோடே நடத்துகிறோம்.

அந்த வேலை எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டால்தான் மனதில் தைக்கும். காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, மறுபடி 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர்மேல் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். கட்டடத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி சொல்லும் கணக்கு இது. 18 அடிக்கு 18 அடி சாமியானா ஏறக்குறைய 30 சதுர மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று முழுதாக அதன் அடியில் புகுந்தால் தூக்கும் விசை சுமார் 180 கிலோ. வேகம் இரட்டித்து 72 ஆனால் விசை இரட்டிப்பதோடு நிற்காது. நான்கு மடங்காகி 720 கிலோவைத் தொடும். பந்தல் விழுந்ததும் 'காத்து கொஞ்சம் கூடிப்போச்சு' என்று சொல்வோமே, அந்தக் கொஞ்சம் என்ன செய்யும் என்பது இதில் தெரிகிறது. இந்த 720 கிலோவும் எல்லாக் கயிற்றுக்கும் சமமாகப் பிரியாது. காற்று வரும் பக்கத்து நான்கு கயிறு பாதியைச் சுமக்கிறது என்று வைத்தால் ஒவ்வொன்றும் நேர்மேலாக 90 கிலோவைப் பிடிக்க வேண்டும். கயிறு சாய்ந்து போவதால் அதில் ஏறும் இழுவை 125 கிலோவைத் தாண்டும். ஒரு முளை இரண்டரை சிமென்ட் மூட்டையைத் தாங்கி நிற்பதற்குச் சமம் அது. நிலையான கட்டடத்துக்கு அதே தரநிலை மதுரைக்குக் குறித்திருக்கும் வேகம் வினாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அதற்கு எந்தச் சாமியானாவும் நிற்காது. நிற்க வைக்க முயலவும் கூடாது, துணியை இறக்குவதுதான் புத்தி. 50, 60 கிலோமீட்டர் காற்றுக்கு நிற்காவிட்டால்தான் குற்றம் நம்முடையது.

இந்த 125 கிலோவை இரும்பு தாங்குமா என்பது கேள்வியே இல்லை. விரல் கனக் கம்பிகூட அறாமல் தாங்கும். முளை தோற்கும்போது பெரும்பாலும் அறுவதில்லை, ஒடிவதில்லை. முழுசாக, நேராக, மண்ணைவிட்டு வந்துவிடுகிறது. தோற்றது முளையைப் பிடித்திருந்த மண். எனவே முளையைத் தேர்ந்தெடுப்பது என்றால், இந்த மண்ணுக்கு எந்த வடிவத்தில் பிடி கொடுத்தால் அது இறுகப் பற்றும் என்று கண்டுபிடிப்பதுதான்.

கரிசலில்தான் இதற்குக் கடும் சோதனை. ஈரம் குடித்தால் ஊதுவதும் காய்ந்தால் சுருங்குவதும் அந்த மண்ணின் பிறவிக் குணம். அதிலுள்ள மாண்ட்மோரில்லனைட் என்ற களிமண் வகை தண்ணீரைத் தன் அடுக்குகளுக்கு நடுவே இழுத்து வைத்துக்கொள்வதால் வருவது. பங்குனி, சித்திரையில் கை நுழையும் அளவு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். வெடிப்பு முழங்கை ஆழத்தோடு நிற்பதில்லை, அதற்கும் கீழே போகும். மேலே மிதித்துப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். சம்மட்டி அடிக்குத் தெறிக்கும். அந்த இறுக்கத்தை நம்பித்தான் ஏமாறுகிறோம். வெடிப்புக்கு நான்கு விரல் தள்ளி முளையை இறக்கினால், அது இறங்கியிருப்பது ஒரு தனிப் பாளத்தின் ஓரத்தில். நாலு பக்கமும் பிடிப்பில்லாத கட்டி அது. காற்று இழுக்கும்போது பாளமே முளையோடு சேர்ந்து சாய்ந்து கொடுத்துவிடும். சித்திரை, வைகாசி முகூர்த்தத்தில்தான் பிற்பகல் இடிமழைக்கு முன்னால் சூறைக்காற்று புறப்பட்டு வரும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். மண் மிகவும் பிளந்து கிடக்கும் மாதத்தில் காற்று மிகவும் திடீரென்று அடிக்கிறது. அதனால் கோடைக் கரிசலில் முளை பாளத்தின் நடுவில் இறங்க வேண்டும். வெடிப்பு விழுந்த மேல்மண்ணைத் தாண்டி ஈரம் தங்கிய அடிமண்ணைத் தொட வேண்டும். மூன்றடி முளை இதற்குக் காணாது. மூன்றரை அடியாவது வேண்டும்.

கட்டடப் பொறியாளர்கள் இதே மண்ணோடு மல்லுக்கட்டித்தான் ஒரு வழி கண்டார்கள். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்த அடித்தூண் ஒன்று உண்டு. அடியில் வெங்காயம்போலக் குமிழ் விட்டிருக்கும். மேல்மண் ஊதினாலும் சுருங்கினாலும் அதன் ஆட்டம் எட்டாத ஆழத்தில், சுமார் மூன்றரை மீட்டருக்குக் கீழே, அந்தக் குமிழ் மண்ணைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாள் பந்தலுக்கு அவ்வளவு ஆழம் போக வழியில்லை. ஆனால் அதிலுள்ள இரண்டு பாடமும் நமக்குப் பொருந்தும். ஆட்டம் காணும் மேல்மண்ணை நம்பாதே என்பது ஒன்று. பிடிக்கிற இடத்தில் அகலம் வேண்டும் என்பது மற்றொன்று. மழைக்காலத்தில் இந்த இரண்டாவதுதான் உயிர்நாடி. புரட்டாசி, ஐப்பசியில் முத்தாலம்மன் சப்பரத்தை ஒட்டி ஊர் ஊராகப் பந்தல் போடும்போது கரிசல் பிசைந்த மாவாக இருக்கும். மெல்லிய கம்பி வெண்ணெயில் ஊசியாக இறங்கும், அதே லேசில் வெளியே வரும். சட்டென்று அடிக்கும் காற்றுக்கு அது நின்றாலும், விடாமல் இழுபடும் கயிற்றுக்கு இரவோடு இரவாக அங்குலம் அங்குலமாகச் சாய்ந்துகொண்டே போகும். காலையில் துணி தொய்ந்து தண்ணீர் தேங்கியிருக்கும். அப்புறம் அந்தத் தண்ணீரின் கனமே பந்தலை இழுத்துப் போட்டுவிடும். இங்கே வேண்டியது எல் ஆங்கிள் முளை. 40 மில்லிமீட்டர் அகலமும் மூன்றரை அடி நீளமும் இருந்து, அகலமான முகம் கயிறு இழுக்கும் திசையைப் பார்த்து இறங்கியிருந்தால், 16 மில்லிமீட்டர் கம்பியைப்போல இரண்டரை மடங்கு அகல மண்ணைத் தள்ளித்தான் அது நகர முடியும். சாயவிடாமல் பிடிப்பது அந்த மண்.

இதற்கு முதலில் வரும் மறுப்பு சுமை பற்றியது. கம்பியின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை வரும் என்பது இரும்புக் கடைக்குப் போகிற எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. 16 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ சொச்சம். 40-க்கு 40, 5 மில்லிமீட்டர் கன ஆங்கிள் மீட்டருக்கு 3 கிலோ. இருபது முளைக்கு மூன்றடிக் கம்பி 30 கிலோவுக்குள் முடிந்துவிடும். மூன்றரை அடி ஆங்கிள் 64 கிலோ. குட்டியானை வண்டியில் ஏற்ற 34 கிலோ கூடுதல் ஒரு பொருட்டில்லை. ஆனால் தோளில் சுமக்கிற ஆளுக்கும் அடித்து இறக்குகிற ஆளுக்கும் அது நிஜமான பாரம். இந்த மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லா முளையையும் ஆங்கிளாக மாற்றச் சொல்லவும் இல்லை. காற்று வரும் பக்கத்துக்கும் நான்கு மூலைக்கும் ஆங்கிள், மற்றதுக்குக் கம்பி என்று பிரித்தால் அந்தக் கூடுதல் பாரம் பாதியாகக் குறையும். எந்தப் பக்கக் காற்று என்பது இந்த ஊரில் புதிரும் இல்லை. ஆனி முதல் ஆவணி வரைக்கும் மேற்கு மலைக் கணவாய்கள் வழியே வரும் மேல்காற்றுதான். ஆடியில் கூழ் ஊற்றப் போடும் அம்மன் கோயில் பந்தலுக்கு மேற்கே பலமாக அடித்துவிட்டால் முக்கால் கவலை தீர்ந்தது. கோடைச் சூறைக்குத்தான் திசை கிடையாது. அந்த இரண்டு மாதமும் மூலைக்கு மூலை சமமாக அடிக்க வேண்டும்.

இன்னொரு வாதம், முறுக்குக் கம்பியின் வரிவரியான மேடு மண்ணைக் கவ்வும் என்பது. கான்கிரீட்டுக்குள் கவ்வும், அதற்காகத்தான் அந்த வரி. இறுகிய சரளையிலும் ஓரளவு பயன்படும். காய்ந்த கரிசலிலோ அந்த வரி இறங்கும்போதே துளையைச் சீவி அகலமாக்கிவிடுகிறது. அடித்து முடித்ததும் முளையின் கழுத்தைச் சுற்றி ஒரு மயிரிடை இடைவெளி தெரியும். ஆட்டிப் பார்த்தால் ஆடும். அதைச் சரிக்கட்ட ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவது வழக்கம். செவலில் முந்தின நாள் ஊற்றினால் அது நல்ல வேலை: மண் இளகி முளை இறங்கும், காய்ந்ததும் இறுகும். கரிசலில் அதே தண்ணீர் கெடுதல். ஊற்றிய அன்றைக்கு வழுக்கும். காய்ந்த பிறகு மண் சுருங்கி முளையைவிட்டு விலகும். ஒரே கைமருந்து ஒரு மண்ணுக்கு உணவாகவும் அடுத்த மண்ணுக்கு விஷமாகவும் இருப்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

செவலில் பிரச்சினை வேறு. மேல்மண் காய்ந்து ஓடாகியிருக்கும். அதற்குக் கீழே மணல் கலந்த மண், சில இடத்தில் ஒரு அடியிலேயே சரளை. ஆங்கிளை இங்கே அடித்தால் கல்லில் பட்டு முனை மடங்கும், பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். 20 மில்லிமீட்டர் உருட்டுக் கம்பியை முனை சீவி அடிப்பதுதான் சரி. கனம் கூடினால் வளையாது, கல்லை ஒதுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு அடியில் கல் தட்டினால், அதே இடத்தில் இன்னும் இருபது அடி அடிப்பதைவிட ஒரு சாண் தள்ளி அடிப்பது மேல். பாறையே வந்துவிட்டால் இரண்டு குட்டை முளையைக் கயிற்றின் வரிசையில் முன்னும் பின்னுமாக அடித்து, முன் முளையின் தலையைப் பின் முளையின் அடியோடு கட்டலாம். பாலம் கட்டும் ராணுவக்காரர்கள் இதையே மூன்று, இரண்டு, ஒன்று என்று வரிசையாக அடித்துப் பெரும்பாரம் இழுக்கிறார்கள். ஒரு முளை சாய முடியாதபடி அடுத்தது அதன் தலையைப் பிடித்துக்கொள்வதால் ஆழத்தில் குறைந்தது எண்ணிக்கையில் ஈடாகிறது.

மணலில் முளை என்பதே வீண். வைகைக் கரையில் அழகர் இறங்கும் நாளை ஒட்டி மண்டகப்படிப் பந்தல் போடுகிறவர்களுக்கு இது தெரியும். அணையில் தண்ணீர் திறந்துவிட்டு மணல் நனைந்திருந்தால் கொஞ்சம் நிற்கும், வெயிலில் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். இரண்டடி பள்ளம் தோண்டி மூங்கில் துண்டையோ மணல் மூட்டையையோ படுக்கையாகப் போட்டு, அதன் இடுப்பில் கயிற்றைக் கட்டி மூடிவிடுவதுதான் வழி. மேலே கிடக்கும் மணலின் கனம் முழுவதும் அப்போது பந்தலுக்கு வேலை செய்யும்.

சிமென்ட் தெருவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்லுப்பட்டியானாலும் மதுரையானாலும் இன்று பாதிப் பந்தல் அங்கேதான். துக்க வீட்டுக்கு ஒரு மணி நேரத்தில் பந்தல் வேண்டும். தெருவைத் துளைக்க நேரமில்லை, துளைப்பதும் முறையில்லை. கயிறு ஜன்னல் கம்பிக்கும் மின்கம்பத்துக்கும் போகிறது. மின்கம்பத்தில் கட்டுவது எந்த அவசரத்திலும் கூடாது. நனைந்த கயிறும் இரும்புக் காலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது கனம் வைப்பது: தண்ணீர் டிரம், மணல் மூட்டை, கான்கிரீட் கட்டை. 'முளையே வேண்டாம், எல்லா இடத்திலும் கனம் வைத்துவிடலாமே' என்று கேட்பவர்களும் உண்டு. 200 லிட்டர் டிரம் நிறையத் தண்ணீர் இருந்தால் 200 கிலோ பிடிக்கும் என்று நினைக்கிறார்கள். பிடிக்காது. கயிறு 45 பாகையில் சாய்ந்து இழுக்கும்போது டிரம்மை மேலேயும் தூக்குகிறது, பக்கவாட்டிலும் இழுக்கிறது. தூக்கிய அளவுக்குத் தரையோடு உள்ள உராய்வும் குறைகிறது. தரையும் டிரம்மும் உரசும் பிடி எடையில் பாதி என்று கொண்டு கணக்குப் போட்டால், கயிற்றில் 95 கிலோ இழுவை ஏறும் முன்பே டிரம் நகரத் தொடங்கிவிடும். நாம் தேடியது 125. ஆகவே காற்று வரும் பக்கத்தில் கயிற்றுக்கு ஒரு டிரம் போதாது, இரண்டு வேண்டும். அல்லது டிரம்மைக் காலுக்கு ஒட்டியே வைத்துக் கயிற்றை நேர்குத்தாக இறக்க வேண்டும், அப்போது முழு எடையும் கிடைக்கும். ஆனால் பக்கவாட்டில் தள்ளும் காற்றுக்கு வேறு முட்டுக் கொடுத்தாக வேண்டும். நல்ல மண்ணில் இரண்டரைக் கிலோ இரும்பு செய்கிற வேலைக்கு இங்கே 400 கிலோ தண்ணீர். மண் கிடைக்கிற இடத்தில் முளையை விட்டுவிட்டுக் கனத்தைத் தேடுவது எவ்வளவு பெரிய விரயம் என்பது இந்த ஒப்பீட்டிலேயே இருக்கிறது.

'இத்தனை வருசம் ஒரே கம்பியைத்தானே அடித்தோம், என்ன ஆகிவிட்டது?' என்பதுதான் தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் பெரிய மறுப்பு. இது அனுபவத்திலிருந்து வருவதால் மதிக்க வேண்டிய மறுப்பு. ஆனால் அந்த அனுபவம் எதைச் சோதித்தது என்று பார்க்க வேண்டும். ஒரு பந்தல் நிற்பது ஒரு நாள், இரண்டு நாள். பலத்த காற்று வருசத்தில் சில மணி நேரம். நூறு பந்தலில் தொண்ணூறுக்கு முளை சோதிக்கப்படவே இல்லை. முளை இல்லாமலும் அவை நின்றிருக்கும். சோதிக்கப்பட்ட அந்தச் சிலவற்றை மட்டும் தனியே எடுத்து, எந்த மண், எந்த மாதம், முளை எப்படி வெளியே வந்தது என்று பார்த்தால்தான் அது சான்று. அதோடு, கீற்று நாளில் கற்ற பாடத்தைத் துணிக்குப் பொருத்துவதும் அந்த மறுப்பில் ஒளிந்திருக்கிறது. பந்தலுக்குக் கீழே இருப்பவர்கள் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்; மடியில் குழந்தையோடு எழுந்து ஓட அவர்களுக்கு வழி கிடையாது. தொண்ணூறு நின்றது என்ற கணக்கை அவர்களிடம் சொல்ல முடியாது.

பணம் ஒரு தடை என்பவர்களுக்கு மரமுளையை ஞாபகப்படுத்துவேன். அறுவடை முடிந்த கரிசலில் ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் வலையை மரமுளையில்தான் கட்டுகிறார்கள், அதுவும் பாளத்தின் நடுவே பார்த்து. இந்தப் பக்கம் எல்லாரும் வெட்டித் தீர்க்கத் தவிக்கிற சீமைக்கருவேலத்தில் இரண்டரை அங்குலக் கனக் கட்டையை மூன்றரை அடிக்கு வெட்டி, முனை சீவி, தலையில் பிளக்காமலிருக்க ஒரு இரும்புப் பூண் போட்டால் ஈரக் கரிசலுக்கு ஆங்கிளைவிட அகலமான பிடி கிடைக்கும். கரையான் அரிக்கும், சில ஆண்டில் மாற்ற வேண்டும் என்பது உண்மை. செவலுக்கும் சரளைக்கும் இது ஆகாது என்பதும் உண்மை. ஒவ்வொரு முளைக்கும் ஒரு மண் உண்டு என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எந்த முளையானாலும் அடிக்கிற விதம் தப்பினால் தேர்ந்தெடுத்தது பாழ். முளையின் தலை பந்தலைவிட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கயிறும் முளையும் சந்திக்கும் இடம் ஏறக்குறைய மூலைமட்டம் வைத்த மாதிரி இருந்தால் சரி. கயிற்றை முளையின் உச்சியில் கட்டினால் நெம்புகோலாகி மண்ணைக் கிளறிவிடும், தரையை ஒட்டிக் கட்ட வேண்டும். கால் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது தள்ளி முளை இருக்க வேண்டும். நடைபாதைக்கு இடம் விடுகிறோம் என்று பக்கத்தில் அடித்தால் கயிறு செங்குத்தாகி, முளையை உருவுவதற்கென்றே கட்டினதுபோல ஆகும். அடித்து முடித்ததும் ஒரு ஆள் கயிற்றில் தொங்கிப் பார்ப்பது நல்ல சோதனை. 60 கிலோ ஆளுக்கே முளையின் கழுத்து அசைந்தால் 125-க்கு அது நிற்காது.

பந்தல் பிரிக்கும்போது முளையைப் பிடுங்கியதும் துடைத்துச் சாக்கில் போடுமுன் ஒரு தடவை பார்க்க வேண்டும். கரிசலில் அடி ஒரு அடிக்கு ஈரமண் அப்பியிருந்தால் அது சரியான ஆழத்தைத் தொட்டிருக்கிறது; நுனிவரை காய்ந்த தூசியாக இருந்தால் மேல்பாளத்தோடே நின்றிருக்கிறது, அடுத்த பந்தலுக்கு நீளம் கூட்ட வேண்டும். செவலில் நுனி மழுங்கியிருந்தால் சீவி வைக்க வேண்டும். குழியையும் அப்படியே விட்டுவிட்டு வரக் கூடாது. கரிசலில் ஒரு மழைக்கு அது தானே மூடிக்கொள்ளும். செவக்காட்டில் மாட்டுக் குளம்பு சிக்கும் அளவுக்கு மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும், மண் தள்ளி மிதித்துவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும்.